அரை மணிக்கு ஒரு தடவை

என் கணவருடைய போனில் சார்ஜர் ஒயரைச் சொருகினால் மட்டும் போதாது. சொருகி, லேசாக இடது பக்கம் சாய்த்து, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். ரிப்பேர் கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உள்ள போர்டு வரைக்கும் ஆடிப்போயிருக்கு. பிரிச்சுத்தான் பார்க்கணும். மூணு நாள் விட்டுட்டுப் போங்க."

"மூணு நாளா? மூணு மணி நேரம்கூட விட முடியாதுங்க" என்று பிடுங்காத குறையாகப் போனை வாங்கிக்கொண்டு வந்தவள் நான்தான்.

விட முடியாததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் நாற்பது கட்டடங்களின் லிஃப்ட்டுகள் அவர் பொறுப்பு. எங்காவது யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் ஆபீஸிலிருந்து அந்தப் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் போட்டோ எடுத்து ஆபீஸ் ஆப்பில் ஏற்ற வேண்டும். அந்த ஆப் அவர் எங்கே நிற்கிறார், எங்கே நடக்கிறார் என்று நாள் முழுக்க மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும், சார்ஜையும் தின்றுகொண்டே இருக்கும்.

இரண்டாவது காரணம் எங்கள் பையன். நாலரை வயது. காது நன்றாகக் கேட்கிறது, சொன்னது புரிகிறது, சிரிக்கிறான், அடம் பிடிக்கிறான். ஆனால் ஒரு வார்த்தை பேசியதில்லை. 'அம்மா' கூட இல்லை. மூன்று டாக்டர்கள் ஒரே இடத்தின் பெயரைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்: பேச்சுப் பயிற்சி மையம். அங்கே இருப்பதே இரண்டு அறை. ஒன்பது மாதமாக அவன் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது. யாராவது ஒரு குழந்தை நின்றுபோனால், பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு மையத்திலிருந்து மெயில் வரும். ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு. இரண்டு தடவை தவறவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும்.

எங்கள் வீட்டில் மெயில் வருகிற போன் அது ஒன்றுதான். என்னிடம் இருப்பது பட்டன் போன், அதையும் நான் வேலை பார்க்கும் மருந்து பேக்டரி வாசலில் காலையில் வாங்கி வைத்துக்கொண்டு சாயங்காலம்தான் திருப்பித் தருவார்கள். பகலில் பையனைப் பார்த்துக்கொள்ளும் என் நாத்தனாரிடமும் பட்டன் போன்தான். அதைத் திங்கட்கிழமை சார்ஜ் போட்டால் அடுத்த திங்கட்கிழமைதான் மறுபடியும் போடுவார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

"தம்பி, நீ வெச்சிருக்கிறது போனா, கைக்குழந்தையா? எந்நேரமும் மடியில வெச்சுப் பால் குடுத்துட்டே இருக்கியே" என்பார்.

அவர் சொன்னதிலும் தப்பில்லை. சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கை கழுவியதும் என் கணவர் கூடத்து மூலையில், தரையோரம் இருக்கும் பிளக்கின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒயரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூட முடியாது. பவர் பேங்க் வாங்கியும் பார்த்தோம். அதற்கும் இதே கதைதான், வேலை நேரத்தில் யார் பிடித்துக்கொண்டு உட்கார்வது? இரவில் இஸ்திரிப்பெட்டியை ஒயர் மேல் சாய்த்து வைத்துவிட்டுப் படுப்போம். அது சரியாக உட்கார்ந்த அன்று காலையில் நூறு இருக்கும். சரிந்த அன்று நாற்பது, ஐம்பது. பேட்டரியும் கிழடு, நூறு என்று காட்டுவது மத்தியானம் மூன்று மணியைத் தாண்டாது.

இந்த லட்சணத்தில் பையனுக்கு அந்த ஒயர் மேல் ஒரு பித்து. விளையாட்டுச் சாமான்களை எல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் இழுத்துக்கொண்டு திரிவான். காலையில் அவர் கிளம்புகிற அவசரத்தில் காலைக் கட்டிக்கொண்டு ஒயரை நீட்டுவான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பான். நாத்தனார் அவனுக்கு 'ஒயர்மேன்' என்று பெயரே வைத்துவிட்டார். எனக்கோ எரிச்சல். இருப்பது ஒரே ஒயர், அதன் கழுத்தும் பிய்ந்து தொங்குகிறது. சார்ஜ் ஏறி முடிந்ததும் பிடுங்கி அலமாரி உச்சியில் வைத்துவிடுவேன். அவன் அலமாரிக்குக் கீழே நின்று மேலே பார்த்து அழுவான். அழுதால் அழட்டும் என்று என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் ஷூவைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மெயில் வந்திருக்கு" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "எப்போ வரச் சொல்றாங்க?"

"காலையில பதினொண்ணு இருபதுக்கு வந்திருக்கு. நான் இப்பதான் பார்த்தேன்."

விஷயம் இதுதான். சார்ஜ் சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று, கால் தவிர வேறு எதுவும் தானாக வரக்கூடாது என்று அவர் போனில் அமைத்துவிட்டார். மெயிலை அவராகத் திறந்து பார்த்தால்தான் மெயில் வரும். இப்படி ஒரு புத்தி லிஃப்ட் மெக்கானிக்குக்குத்தான் வரும்.

"ஆள் இல்லாத பெட்டிக்குள்ள விளக்கும் ஃபேனும் எதுக்கு ஓடணும்?" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "எங்க லிஃப்ட் எல்லாம் அஞ்சு நிமிஷம் யாரும் ஏறலைன்னா தானா அணைஞ்சிடும். பட்டனை அமுக்கினா முழிச்சுக்கும். மெயிலையும் அப்படித்தான் வெச்சேன். மணிக்கொரு தடவை நானே திறந்து பார்த்துக்கலாம்னு."

"பார்த்தீங்களா?"

"பத்தே முக்காலுக்குப் பார்த்தேன். அப்புறம் ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டாரு. மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல. தனியா. மூச்சு வாங்குதுன்னு சொன்னாரு. நான் போய்ச் சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே போனேன். வெளிய எடுத்துக் கூட்டிட்டுப் போய் அவர் வீட்டுல விட்டுட்டு, அடுத்த கட்டடம், அதுக்கடுத்த கட்டடம்... மறந்தே போச்சு."

கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். ஒன்பது மாதம் காத்திருந்தது உங்கள் பேட்டரிக்காகவா என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு அந்தப் பெரியவர் மேலேயே கோபம் திரும்பியது. நாலு மாடி ஏற முடியாதவர் ஏன் அன்றைக்கென்று வெளியே போனார்? இப்படி நினைப்பது அநியாயம் என்று தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து அந்தப் போனை ஆராய்ச்சியே செய்தோம். வந்த உடனே மெயில் தெரிகிற மாதிரி வைத்தால் அவருடைய ஒரு நாள் வேலைக்குச் சார்ஜ் தாங்காது. மூன்று மணிக்கே போன் செத்துவிடும். அதற்குப் பிறகு யாராவது லிஃப்ட்டில் மாட்டினால்? மணிக்கு ஒரு தடவை மெயிலைத் தேடச் சொன்னால் சாயங்காலம் வரை தாங்கும். ஆனால் கெடுவே ஒரு மணி நேரம்தான். தேடி முடித்த மறு நிமிஷம் மெயில் வந்தால், கண்ணில் படும்போது கெடு முடிய ஒரு நிமிஷம் இருக்கும். கால் மணிக்கு ஒரு தடவை என்றேன் நான். முக்கால் மணி என்றார் அவர். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரி பேசி, அரை மணிக்கு ஒரு தடவை என்று முடித்தோம்.

அந்த அரை மணிக்காக மற்ற எல்லாவற்றையும் குறைத்தார். வெளிச்சத்தைக் குறைத்தார். போன் டார்ச்சை நிறுத்திவிட்டு நெற்றியில் கட்டுகிற விளக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார். லிஃப்ட் ஏறி இறங்குகிற சுவர்களுக்கு நடுவே போனைக் கொண்டுபோவதையும் விட்டார். அங்கே சிக்னல் கிடைக்காதாம், கிடைக்காத சிக்னலைத் தேடித் தேடியே சார்ஜ் காலியாகுமாம். திரையில் இருந்த பையனின் படத்தையும் எடுத்துவிட்டு வெறும் கறுப்பாக வைத்தார். கறுப்பு கம்மியாகத்தான் தின்னும் என்று யாரோ சொன்னார்களாம். அது உண்மையோ பொய்யோ, அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு மனசு என்னவோ செய்தது. அன்று அவரிடம் சண்டை போடவில்லை.

இப்படி ஏழு வாரம் போனது.

எட்டாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. இரவு இஸ்திரிப்பெட்டி சரிந்துவிட்டது, காலையில் போனில் நாற்பத்தொன்று. அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது பையன் ஒயரோடு வந்து நின்றான். போனிலிருந்து கழற்றியதும் அதை அலமாரி உச்சியில் வைக்க மறந்திருந்தேன்.

"வேண்டாம்டா கண்ணா, அப்பாவுக்கு நேரமாச்சு."

பையன் ஒயரை அவர் கையில் திணித்தான். அவர் எடுத்துக் கீழே வைத்தார். மறுபடியும் திணித்தான். நான் பிடுங்கி அலமாரி மேல் எறிந்தேன். அவன் அழுத அழுகையோடுதான் அவர் படி இறங்கினார்.

அன்று மத்தியானம் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது மாடிக் கட்டடம். போனைக் கீழே வாட்ச்மேன் மேஜையில் வைத்து, "அடிச்சா ஒரு குரல் குடுங்க" என்று சொல்லிவிட்டு லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்று கம்பிவடத்துக்கு கிரீஸ் போட்டிருக்கிறார். இறங்கி வந்தபோது மணி இரண்டு ஐம்பது.

"ஒரு தடவை டொய்ங்னு சத்தம் வந்துச்சுங்க. ஆனா கால் இல்ல. அதான் கூப்பிடல" என்றாராம் வாட்ச்மேன்.

கால் வந்தால் கூப்பிடச் சொன்னவர், மெயில் வந்தாலும் கூப்பிடச் சொல்லவில்லை. மெயில் இரண்டு ஐந்துக்கு வந்திருக்கிறது. போன் சொன்ன சொல் தவறாமல் இரண்டரைக்குத் தேடி எடுத்து வைத்திருக்கிறது. 'நாளைக் காலை பத்து மணிக்கு ஓர் இடம் காலியாக உள்ளது. ஏற்பதாக இருந்தால் மூன்று ஐந்துக்குள் பதில் அனுப்பவும்.' சார்ஜ் இரண்டு சதவீதம். கை முழுக்க கிரீஸ். பதில் என்ற இடத்தைத் தொடுகிறார், திரை கேட்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டுத் தொடுகிறார், வேறு எதுவோ திறக்கிறது. மறுபடியும் துடைத்து, பதில் பெட்டி திறந்து, 'வருகிறோம்' என்று எழுத விரல் வைத்தால், அது எங்கே பட்டதோ, அனுப்புகிற அம்புக்குறி ஒரு தடவை மின்னி, திரை அணைந்தது.

வாட்ச்மேனின் சார்ஜர் இந்தப் போனுக்குச் சேரவில்லை. அவருடைய போனை வாங்கினார். வாங்கி என்ன செய்வது? மையத்தின் நம்பர் செத்த போனுக்குள் இருக்கிறது. மெயிலின் கடவுச்சொல் என் தலைக்குள் இருக்கிறது. நான் பேக்டரிக்குள் இருக்கிறேன். அந்த ஒன்பது மாடிக் கட்டடத்தின் வாசல்படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தாராம். ஊரில் எத்தனையோ பேரைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மனுஷனுக்கு அன்று தன்னை எடுக்க ஆள் இல்லை.

சாயங்காலம் இதைச் சொன்னபோது நான் கத்தவில்லை. கத்துவதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அலமாரி மேலிருந்து ஒயரை எடுத்துக் கொடுத்தேன். அவர் மூலையில் உட்கார்ந்து பிடித்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். நாத்தனார் தன் வீட்டுக்குப் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றார். பையன் மட்டும் அப்பா மடியில் ஏறி, முதுகை அவர் நெஞ்சில் சாய்த்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் சந்தோஷமாக இருந்தது அவன் ஒருத்தன்தான்.

போன் உயிர் பெற்றதும் அனுப்பிய மெயில்களைத் திறந்தோம். இரண்டு ஐம்பத்தாறுக்கு ஒன்று போயிருந்தது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. வெறும் வெள்ளை. அது கிடைத்தது என்றும் கிடைக்கவில்லை என்றும் மையத்திலிருந்து ஒரு தகவல் இல்லை. போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை, ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள்.

"வெறும் கடுதாசிய அனுப்பினா யாருப்பா இடம் குடுப்பாங்க?" என்றார் நாத்தனார் மெல்ல.

"அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். அவர் கேட்டதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருந்தாலும் மறுநாள் போனோம். நான் லீவு சொன்னேன், அவர் அரை நாள் அனுமதி வாங்கினார். கிளம்பும்போது பையன் ஒயரைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு நின்றான். பிடுங்கப் போனேன்.

"விடும்மா, ஒயர்மேன் ஆயுதம் இல்லாம எப்படிப் போவாரு?" என்றார் நாத்தனார். போகிற இடத்தில் அழுது தொலைப்பானே என்று விட்டேன்.

மையத்தின் வரவேற்பு மேஜையில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். பட்டியலின் அடிக்குப் போய்விட்டீர்கள் என்று சொல்லப்போகிறாளோ என்று நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"நேத்து ஒரு மெயில்... அது வந்துதுங்களா?"

"வந்துதே."

"அதுல ஒண்ணும் எழுதலைங்க. எழுதறதுக்குள்ள சார்ஜ் போயிடுச்சு."

"ஆமா, வெறுமையாத்தான் வந்துது. நானும் ரெண்டு நிமிஷம் அதையே பார்த்துட்டிருந்தேன்." அவள் சிரித்தாள். "வேண்டாம்னு சொல்றவங்க நாலு வரி காரணம் எழுதுவாங்க. அதோட, எங்ககிட்ட வர்றவங்க எல்லாம் வாயைத் திறந்தா சொல்றாங்க? சரின்னுதான் எடுத்துக்கிட்டேன். பத்து மணிக்கு உங்க பேர்தான். போய் உக்காருங்க."

நான் அங்கேயே அழுதுவிட்டேன். அவள் மேஜையிலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியைப் பார்க்காமலேயே என் பக்கம் தள்ளினாள். அந்த மேஜையில் தினமும் யாராவது அழுவார்கள் போலிருக்கிறது.

உள்ளே இருந்த பயிற்சியாளர் அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து எங்களிடம் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். எப்போது நடந்தான், எப்போது சிரித்தான், ஏதாவது சத்தமாவது வருமா. பையன் சுவரோரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நேராக அவரிடம் போனான். சட்டைக்குள்ளிருந்து ஒயரை உருவி அவர் கையில் வைத்தான்.

"டேய், அதைக் கொண்டா இங்க" என்று நான் எழுந்தேன். "தப்பா நினைக்காதீங்க மேடம். அவனுக்கு ஒயர்னா பைத்தியம்."

அவர் கையை உயர்த்தி என்னை உட்காரச் சொன்னார். "இதை வீட்டுல யார்கிட்ட குடுப்பான்?"

"என்கிட்டங்க" என்றார் என் கணவர்.

"எப்போ?"

"எப்பவும் குடுப்பான். வேலைக்குக் கிளம்பும்போது. ஞாயித்துக்கிழமை. சார்ஜ் நிறைய இருந்தாலும் கொண்டுவருவான்."

"வாங்கிக்கிட்டு நீங்க என்ன செய்வீங்க?"

"கீழ உக்காந்து பிடிச்சுப்பேன். அந்தப் போன் அப்படிங்க, பிடிச்சாத்தான் ஏறும். ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியாது. இவன் வந்து மடியில..."

சொல்லிக்கொண்டே பையனைத் திரும்பிப் பார்த்தார்.

பயிற்சியாளர் பேனாவை வைத்துவிட்டு, நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒயரின் நுனியை விரலால் பிடித்துக்கொண்டார். பையன் ஒரு நொடி நின்று பார்த்தான். பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து காலை ஆட்ட ஆரம்பித்தான்.

"என் பக்கத்துல உக்காருன்னு சொல்றான்" என்றார் அவர். "எத்தனை மாசமா சொல்லிட்டிருக்கான்?"

மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அதைத்தான் நான் தினமும் பிடுங்கி, அவன் கைக்கு எட்டாத அலமாரி உச்சியில் வைத்துவிட்டு, இவன் ஒன்றும் பேசமாட்டேன் என்கிறானே என்று மூன்று டாக்டர்களிடம் அழுதிருக்கிறேன்.

என் கணவர் எழுந்துபோய்ப் பையனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கூடத்து மூலையில், பிளக்குக்கு மேல், பையனின் தோள் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்தேன். ஒயரை அதில் மாட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவன் அதை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.